பரமக்குடிக் கரியும் மெக்சிகோ கோழியும்

கேள்வி:

எங்கள் சொந்த ஊர் பரமக்குடி. கணவரின் வேலைக்காகப் புனே வந்து பதினோரு வருடம் ஆகிறது. விமான் நகரில் ஒரு சொசைட்டியில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தோழிகளோடு வெளியே போனபோது மெக்சிகன் முறையில் மசாலா ஊறவைத்துச் சுட்ட கோழி சாப்பிட்டிருக்கிறாள். "அம்மா, நீ சிக்கன் சுக்கா நல்லா பண்ணுவ. இதையும் பண்ணேன்" என்று ஒரே பிடிவாதம்.

செய்முறை தேடிப் பார்த்தேன். ஆச்சியோட்டே, குவாஹியோ மிளகாய், புளிப்பு ஆரஞ்சு, மெக்சிகன் ஆரிகானோ, மெஸ்கீட் மரக்கரி என்று வரிசையாகப் பெயர்கள். ஒன்றுகூட இங்கே கிடைக்கவில்லை. கடைசியில் 'மெக்சிகன் மசாலா' என்று போட்ட ஒரு பாக்கெட் வாங்கி, ஒரு கிலோ கோழிக்கு முழுவதும் கொட்டினேன். ஆறு எலுமிச்சம்பழம் பிழிந்து, வழக்கம்போல் உப்பும் போட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஓடிஜி அடுப்பில் வேகவைத்தேன். மேலே சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துப்போய்விட்டது. கடித்தால் மாவு மாதிரி இருந்தது. எலும்புப் பக்கம் சிவப்பு. உப்போ வாயில் வைக்க முடியவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சாஸ் பாட்டிலை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். அதுதான் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

என் சந்தேகங்கள்: 1. எங்கே தப்பு செய்தேன்? 2. கிடைக்காத பொருள்களுக்கு மாற்று உண்டா? 3. அந்த மெஸ்கீட் கரி இல்லாமல் ஓடிஜியிலோ கேஸ் அடுப்பிலோ அந்த வாசனையைக் கொண்டுவர முடியுமா? 4. கோழியைத் தோலோடு வாங்க வேண்டுமா? கழுவக் கூடாது என்கிறார்களே, அது சரியா? 5. தொட்டுக்கொள்ள என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, விமான் நகர், புனே.

பதில்:

சகோதரி, முதலில் ஒரு ஆறுதல். உங்கள் கோழி கெட்டதற்கும் மெக்சிகோ சாமான் கிடைக்காததற்கும் சம்பந்தமே இல்லை. ஆறு எலுமிச்சம்பழம்தான் குற்றவாளி. லோஹேகாவ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலோ என்னவோ, எல்லாம் விமானத்தில்தான் வந்து இறங்க வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள். நீங்கள் தேடிய பட்டியலில் பாதி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. மீதியில் முக்கால்வாசி பரமக்குடியில் இருக்கிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் மகள் சாப்பிட்டதற்கு ஸ்பானிஷில் 'பொயோ அசாதோ' என்று பெயர். பொயோ என்றால் கோழி, அசாதோ என்றால் சுட்டது. வேறு மர்மம் எதுவும் இல்லை. மெக்சிகோவின் வடமேற்கில் சினலோவா என்ற மாநிலத்தில் இது சாலையோர வியாபாரம். முழுக் கோழியை முதுகெலும்பை நீக்கி விரித்து, பூண்டும் ஆரஞ்சு வகைப் பழச்சாறும் மசாலாவும் தடவி, கரித் தணலில் வாட்டித் துண்டு போட்டுத் தருவார்கள். அந்த மாநிலத்தின் குவாசாவே ஊரில் 1975இல் பாஞ்சோ ஒச்சோவா என்பவர் தொடங்கிய 'எல் பொயோ லோகோ' கடை, 1980இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், பிறகு பெரிய உணவகத் தொடராக வளர்ந்தது. தெற்கே யுகட்டான் பக்கம் போனால் ஆச்சியோட்டே விதையும் புளிப்பு ஆரஞ்சும் சேர்ந்த சிவப்பு மசாலாதான் ராஜா. இந்த இரண்டு வழியும் கலந்ததுதான் இன்று ஊர் ஊராக 'மெக்சிகன் கிரில்டு சிக்கன்' என்று விற்கிறது.

1. எங்கே தப்பு?

மூன்று தப்புகள் நடந்திருக்கின்றன.

முதலாவது, புளிப்பு. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறது அல்லவா? இறைச்சியின் புரதத்துக்கும் அதேதான் நடக்கிறது. மெக்சிகோவின் கடற்கரை ஊர்களில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, அடுப்பே இல்லாமல் வெளுக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள். 'செவிச்சே' என்று பெயர். நீங்கள் இரவு முழுக்க கோழியின் மேல்பரப்பைச் செவிச்சே ஆக்கிவிட்டு, மறுநாள் அதையே மறுபடி வேகவைத்திருக்கிறீர்கள். சுண்ணாம்பு நிறமும் மாவுத்தன்மையும் அதனால் வந்தவை. புளிப்பு உள்ளே போகும் என்று காத்திருந்ததிலும் பயனில்லை. அது சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புளிப்பால் கோழியை மெத்தென்று ஆக்க வேண்டிய தேவையே இன்று இல்லை. நீங்கள் இருப்பது கோழிக்குப் பேர்போன ஊர். 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் குழுமத்துக்குத் தலைமையகம் புனேதான். 2010இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து அணியையே விலைக்கு வாங்கியவர்கள் அவர்கள். புனேயானாலும் நம்ம பல்லடமானாலும் பண்ணைகளிலிருந்து வருகிற பிராய்லருக்கு வயது சுமார் ஆறு வாரம். ஆறு வாரக் குஞ்சை மெத்தென்று ஆக்க என்ன இருக்கிறது? அது ஏற்கெனவே மெத்துதான். நாட்டுக்கோழிக்குச் செய்கிற வைத்தியத்தைப் பிராய்லருக்குச் செய்யக் கூடாது. பப்பாளிக்காய், பச்சை அன்னாசிச் சாறு எல்லாம் இதற்கு வேண்டவே வேண்டாம். கோழி கூழாகிவிடும்.

இரண்டாவது, உப்பு. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். இந்த மாதிரி பாக்கெட் மசாலாக்களில் உப்பு முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வந்துவிடுவது சகஜம். அதற்கு மேல் நீங்களும் கைப்பிடிக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உப்பைக் கைவிட வேண்டாம். மசாலாவில் இருக்கிற அத்தனை பொருள்களிலும் இறைச்சிக்குள் நன்றாக இறங்குவது உப்பு ஒன்றுதான். ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுவே. கணக்கு எளிது: ஒரு கிலோ கோழிக்கு 15 கிராம். தூள் உப்பு என்றால் தலைதட்டிய டீஸ்பூனால் இரண்டரை.

மூன்றாவது, சூடு. எலும்பருகே சிவப்பைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். இளம் கோழியின் எலும்பு முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து, வெந்த பிறகும் சிவப்பாகத் தெரிவதுண்டு. அதனால் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இறைச்சியில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பில் படாமல், தடிப்பான இடத்தில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நெஞ்சுக் கறி அங்கேயே போதும். தொடைக் கறி 80ஐத் தாண்டினால் இன்னும் ருசி.

2. மாற்றுப் பொருள்கள்

முதலில் மிளகாய். மெக்சிகோதான் மிளகாய்க்குத் தாய்வீடு. போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தபோது, மிளகு மாதிரி உறைக்கிற காய் என்று மிளகாய் எனப் பெயர் வைத்துக்கொண்டோம். மறுபக்கம் பாருங்கள். ஸ்பானியர் வந்து இறங்கும்வரை மெக்சிகோ மக்களுக்குக் கோழியே தெரியாது. வான்கோழிதான் அந்த ஊர்ப் பறவை. பூண்டு, வெங்காயம், சீரகம், கொத்தமல்லி, மிளகு, லவங்கம், எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் இந்தப் பக்கத்து உலகத்திலிருந்து கப்பலேறிப் போனவை. ஆக, நீங்கள் 'வெளிநாட்டுச் சமையல்' என்று பயந்த அந்தத் தட்டில் முக்கால் பங்கு நம் மளிகைச் சாமான்தான்.

குவாஹியோ என்பது காரம் குறைந்த, நிறம் தூக்கலான காய்ந்த மிளகாய். உங்கள் பக்கத்துக் கிராணா கடையில் 'பேட்கி மிர்ச்சி' என்று கேளுங்கள். கர்நாடகத்து பியாட்கி மிளகாயைத்தான் மராட்டியர் அப்படிச் சொல்கிறார்கள். சுருங்கிய தோல், ரத்தச் சிவப்பு, காரம் கொஞ்சம். ஆஞ்சோ என்கிற இன்னொரு மிளகாயில் காய்ந்த பழத்தின் இனிப்பு இருக்கும். அதற்கு, பேட்கி அரைக்கும்போது நான்கைந்து உலர்திராட்சை சேர்த்தால் போதும்.

இனி உங்கள் ஊர்ப் பெருமை. மெக்சிகோவில் 'காஸ்கபெல்' என்று ஒரு குண்டு மிளகாய் உண்டு. காஸ்கபெல் என்றால் சின்ன மணி. காய்ந்ததை எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலவென்று உருளும். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு முண்டு மிளகாய் நினைவுக்கு வந்திருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டுதான். காரத்துக்கு அதில் நான்கு போடுங்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் கால் கிலோ வாங்கிவரச் சொல்லுங்கள்.

ஆச்சியோட்டே என்பது ஒரு செடியின் சிவப்பு விதை. வெண்ணெய்க்கும் சீஸுக்கும் மஞ்சள் நிறம் தர உலகமெங்கும் பயன்படுவது. பாக்கெட்டுகளில் 160பி என்று எண் போட்டிருந்தால் அது இதுதான். மராட்டியில் ஷேந்த்ரி, தெலுங்கில் ஜாப்ரா. மகாராஷ்டிரத்தில் தோட்டங்களிலும் வளர்கிறது, மூலிகைச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் மிக்ஸியில் போட்டுப் போராட வேண்டாம். கல் மாதிரி கடினம். இரண்டு டேபிள்ஸ்பூன் விதையை நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சிறு தீயில் நாலைந்து நிமிடம் சூடாக்கி வடிகட்டுங்கள். எண்ணெய் செம்பருத்தி நிறத்துக்கு மாறும். புகைய விட்டால் கசந்துவிடும். கிடைக்காவிட்டால் கவலையே இல்லை. அதன் வேலை பெரும்பாலும் நிறம்தான், அதைப் பேட்கி பார்த்துக்கொள்ளும்.

புளிப்பு ஆரஞ்சுக்கு ஆரஞ்சுச் சாறு இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு கலந்தால் சரியாக வரும். மொசம்பி உதவாது, அதில் புளிப்பு போதாது. நாக்பூர் ஆரஞ்சு வரும் காலத்தில் செய்தால் இன்னும் நல்லது. நாரத்தங்காய் கைவசம் இருந்தால் அதன் சாற்றை ஒரு ஸ்பூன் சேர்த்துப் பாருங்கள். யுகட்டான் ஆரஞ்சின் மெல்லிய கசப்பு அதில் உண்டு.

மெக்சிகன் ஆரிகானோவுக்கு மாற்று உங்கள் பால்கனியில் தொட்டியில் நிற்கலாம்: கற்பூரவல்லி. சளிக்குக் கஷாயம் போடுகிற அதே இலை. ஆங்கிலத்தில் அதற்குக் கியூபா ஆரிகானோ, மெக்சிகன் மின்ட் என்றெல்லாம் பெயர். வாசனை தருகிற எண்ணெய்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. ஐந்தாறு இலை போதும். அதிகமானால் கஷாய வாடை வந்துவிடும். இலை இல்லையென்றால் ஓமம் கால் டீஸ்பூன்.

3. கரியும் அடுப்பும்

சகோதரி, மெஸ்கீட் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பரமக்குடிக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல்முறை. மெஸ்கீட் என்பது வேறொன்றுமில்லை, நம்ம சீமைக் கருவேலத்தின் குடும்பம். வடக்கு மெக்சிகோவில் அடுப்புக்கு எரிவதும், ராமநாதபுரம் மாவட்டத்தின் கண்மாய்க்கரைகளில் காடாக மண்டிக் கிடப்பதும் நெருங்கிய பங்காளிகள். 1877 வாக்கில் கடப்பைப் பக்கம் விறகுக்காக விதைபோட்டு வளர்க்கப்பட்ட மரம், பிறகு வறண்ட ஜில்லாக்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் திட்டுகிறோம். ஆனால் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் அங்கே பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது.

மூட்டம் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் போட்டு, ஈரமண் பூசி, தீ வைத்துவிட்டு, காற்று உள்ளே போகாமல் நாள் கணக்கில் காவல் இருக்க வேண்டும். மண்ணில் எங்காவது வெடிப்பு விட்டால் உடனே பூச வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரி சாம்பலாகிவிடும். முதுகுளத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு மூட்டத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் படர்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் உடைத்துக் காட்டிய கரித்துண்டு கண்ணாடி மாதிரி 'கிணுக்' என்று ஒலித்தது. நல்ல கரிக்கு அதுதான் அடையாளம். வெகுநேரம் நின்று எரியும், வெடித்துத் தெறிக்காது. அடுத்த முறை ஊரிலிருந்து காரில் வரும்போது ஒரு சிப்பம் போட்டுக்கொண்டு வாருங்கள். மெக்சிகோக்காரருக்கே கொடுக்கலாம்.

ஆனால் அதைப் பால்கனியில் பற்றவைக்காதீர்கள். சொசைட்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது இரண்டாவது காரணம். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும் என்பதுதான் முதல் காரணம். மொட்டை மாடியில் அனுமதி கிடைத்தால் அங்கே செய்யுங்கள். ஷெகடி என்கிற கரி அடுப்போ கம்பி வலை போட்ட இரும்புத் தொட்டியோ போதும். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் காலியாக விடுங்கள். கோழி பெரும்பாலும் காலிப் பக்கத்தில் வெந்து, கடைசியில் தணலுக்கு நேர்மேலே வந்து நிறம் வாங்க வேண்டும். முதலிலேயே தணல்மேல் போட்டால் வெளியே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும்.

ஓடிஜி என்றால் 220 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். கோழியைத் தட்டில் நேராக வைக்காமல் கம்பி வலைமேல் வையுங்கள். தட்டில் வைத்தால் தன் சாற்றிலேயே வெந்து அவித்த கோழியாகிவிடும். விரித்த முழுக் கோழிக்கு 40 முதல் 45 நிமிடம், தனித்தொடைகளுக்கு 35 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மேல்கம்பி மட்டும் எரியட்டும்.

கேஸ் அடுப்பு மட்டும்தான் என்றால் இரும்புத் தோசைக்கல் இருக்கிறதே. மெக்சிகோவில் ரொட்டி சுடவும் மிளகாய் வறுக்கவும் 'கொமால்' என்று ஒரு தட்டைக்கல் வைத்திருக்கிறார்கள். தோசைக்கல்லுக்கு அக்கா மாதிரி இருக்கும். எண்ணெய் தடவி, நடுத்தரத்துக்குக் கீழான தீயில், மூடி போட்டு ஒரு பக்கம் 12 நிமிடம், மறுபக்கம் 12 நிமிடம். பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டி மொறுமொறுப்பாக்குங்கள்.

புகை வாசனைக்கு வடக்கே 'டுங்கார்' என்று ஒரு வழி உண்டு. வெந்த கோழியை ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்து, நடுவே சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கனிந்த கரித்துண்டு ஒன்றை வைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, உடனே மூடி ஐந்து நிமிடம். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஊர்க்கரி ஒரு பிடி இருந்தால் இதற்கே பத்து முறைக்கு வரும்.

4. தோல், வெட்டு, கழுவுதல்

தோலோடு வாங்குங்கள். தணலின் நேரடிச் சூட்டிலிருந்து கறியைக் காப்பது தோல். அதன் கொழுப்பு உருகிக் கோழிக்குத் தானே எண்ணெய் தடவிக்கொள்ளும். புனே சிக்கன் சென்டர்களில் கேட்காவிட்டால் உரித்துத்தான் தருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகெலும்பை எடுத்துவிட்டு நெஞ்சைத் தட்டையாக விரித்துத் தரச் சொல்லுங்கள். அவர் முழித்தால் 'தந்தூரி கட்' என்று சொன்னால் பாதி வழிக்கு வந்துவிடுவார். தோல் வேண்டவே வேண்டாம் என்று வீட்டில் சொன்னால், எலும்போடு தொடை வாங்கி, வேகும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணெய் தடவுங்கள். எலும்பில்லாத நெஞ்சுத் துண்டு இதற்கு லாயக்கில்லை.

கழுவக் கூடாது என்பது உண்மைதான். குழாயடியில் பச்சைக் கோழியைக் கழுவும்போது தெறிக்கிற துளிகளோடு கிருமிகளும் பாத்திரம், காய்கறி மேலெல்லாம் பரவுகின்றன. கிருமியைக் கொல்வது சூடு, தண்ணீர் இல்லை. ஆனால் மஞ்சள் போட்டுக் கழுவாமல் கோழியை அடுப்பில் ஏற்ற நம் வீட்டுப் பெண்களுக்கு மனசு வராது. எனக்கும் வெகுநாள் வரவில்லை. அவசியம் கழுவத்தான் வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, தெறிக்காமல் அலசி, பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கோழியைக் காகிதத் துண்டால் ஒற்றி ஈரமில்லாமல் எடுங்கள். ஈரக்கோழி சிவக்கவே சிவக்காது.

செய்முறை

தோலோடு கோழி 1 கிலோ, பேட்கி மிளகாய் 8, முண்டு மிளகாய் 4, பூண்டு 10 பல், பெரிய வெங்காயம் பாதி, சீரகம் 1 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், லவங்கம் 2, பட்டை சின்னத் துண்டு, உலர்திராட்சை 5, கற்பூரவல்லி 5 இலை, உப்பு 15 கிராம், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் (ஷேந்த்ரி எண்ணெய் இருந்தால் அது), ஆரஞ்சுச் சாறு 100 மில்லி, எலுமிச்சைச் சாறு 50 மில்லி.

மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கி, தோசைக்கல்லில் வாசனை வரும்வரை மட்டும் திருப்பித் திருப்பி எடுங்கள். கறுத்தால் கசக்கும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறட்டும். அதே கல்லில் பூண்டைத் தோலோடும், வெங்காயத்தைத் துண்டாகவும் போட்டு, அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை சுடுங்கள். சீரகம், மிளகு, லவங்கம், பட்டையை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். பூண்டை உரித்து, பழச்சாறுகள் தவிர எல்லாவற்றையும் சேர்த்து, மிளகாய் ஊறிய தண்ணீர் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டு மைய அரையுங்கள். மெக்சிகோவில் இதற்கு எரிமலைக் கல்லில் கொத்திய 'மொல்காஹேத்தே' என்ற குழிக்கல் உண்டு. புனே வீடுகளின் அம்மியான பாட்டா வரவண்டாவும் எரிமலை தந்த அதே கருங்கல் வகைதான். நீங்கள் மிக்ஸியிலேயே அரைக்கலாம்.

கோழியின் தடிப்பான இடங்களில் இரண்டு மூன்று கீறல் போட்டு, விழுதைத் தடவுங்கள். தோலுக்கு அடியிலும் விரலை விட்டுத் தடவ வேண்டும். எட்டு மணி நேரம் வரை ஃப்ரிட்ஜில் இருக்கலாம், வெளியே மேடையில் வேண்டாம். சமைப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் பழச்சாறு இரண்டையும் கலந்து ஊற்ற வேண்டும். உப்பும் மிளகாயும் முன்னாடி, புளிப்பு பின்னாடி. இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வேகும்போது மேலே தடவ வேண்டுமென்றால், பச்சைக் கோழி படுவதற்கு முன்பே இரண்டு ஸ்பூன் விழுதைத் தனியாக எடுத்து வையுங்கள். கோழி ஊறிய சாற்றைக் கொதிக்க வைக்காமல் தொடவே கூடாது. அடுப்பிலிருந்து இறக்கியதும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வெட்டுங்கள்.

5. தொட்டுக்கொள்ள

தக்காளி நான்கு, பச்சைமிளகாய் இரண்டு, பூண்டு இரண்டு பல். தோசைக்கல்லில் கறுக்கச் சுட்டு, உப்பும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அவர்கள் சல்சா என்பார்கள், நமக்குச் சுட்ட தக்காளித் துவையல். பச்சையாகவே நறுக்கிக் கலந்தால் 'பீகோ தே காயோ'. உங்கள் மராட்டி அண்டை வீட்டார் அதைப் பார்த்துக் கோஷிம்பிர் என்பார்கள்.

ரொட்டிக்கு மெக்சிகோவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு. வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பு வகைதான். அதை வீட்டில் செய்ய மெனக்கெட வேண்டாம். பொயோ அசாதோ பிறந்த சினலோவாவிலும் பக்கத்துச் சோனோராவிலும் கோதுமை ரொட்டியும் புழக்கம். அதனால் மெல்லிசாக இட்ட சப்பாத்தி இதற்கு மாற்று அல்ல, கிட்டத்தட்ட அசலேதான். நூறு வருடத்துக்கு முன்பு கலிபோர்னியா வயல்களில் வேலைக்குப் போன பஞ்சாபியர் பலர் மெக்சிகோப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தியபோது, இரு வீட்டு ரொட்டியும் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டது. பெரிய சண்டை ஒன்றும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சீஸ் துருவி மேலே போடாதீர்கள். சுட்ட கோழிக்கு அது வேண்டாத போர்வை.

முதல் முறை முழுக் கோழியோடு மோத வேண்டாம். நாலு தொடை மட்டும் வாங்கி, அந்த எடைக்கு உப்பைக் கணக்குப் போட்டுச் செய்து பாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உப்பும் விழுதும், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழச்சாறு, ஏழு மணிக்கு அடுப்பு. எட்டு மணிக்குச் சாப்பிடலாம். சாஸ் பாட்டிலை அன்றைக்கு மேசையில் வைக்காதீர்கள்.